குராசோ: சாயத்துக்கு அடியில் ஒரு தீவு

குராசோ மண்ணில் விளைந்த எதுவும் குராசோவை வாழவைத்ததில்லை. கரீபியன் என்றதும் நம் மனதில் எழும் தென்னந்தோப்பும் ஈரக் காடும் இங்கே கிடையாது. ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று, அந்தக் காற்றுக்கு முதுகு காட்டி மேற்கு நோக்கியே வளைந்து நிற்கும் திவி-திவி மரங்கள், ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் கள்ளி, வெள்ளாடு, கற்பாறை. 444 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் மக்கள் வாழும் இந்தத் தீவுக்குச் சோறு போட்டது அதன் துறைமுகம். ஒவ்வொரு காலத்திலும் அந்தத் துறைமுகத்தின் வழியாக எது போனதோ, வந்ததோ, அதுவே அந்தக் காலத்துக் குராசோ.

1499-இல் ஸ்பானியர்கள் வந்து பார்த்தார்கள். தங்கம் இல்லை, தண்ணீர் இல்லை. ‘பயனற்ற தீவுகள்’ என்று அக்கம்பக்கத்துத் தீவுகளோடு சேர்த்து எழுதி வைத்தார்கள். ஆனால் தீவில் இருந்த கக்கெதியோ மக்களை மட்டும் அவர்கள் பயனற்றவர்களாக நினைக்கவில்லை. 1515 வாக்கில் அவர்களில் பெரும்பகுதியினரை இஸ்பானியோலாவுக்குக் கட்டாய வேலைக்கு ஏற்றிப் போனார்கள். நிலத்துக்கு மதிப்பில்லை, ஆள் உடம்புக்கு மதிப்பு உண்டு என்ற அந்தக் கணக்கு அடுத்த மூன்றரை நூற்றாண்டுக்கும் தொடர்ந்தது.

1634-இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி தீவைப் பிடித்தது. ஸ்பெயினோடு அப்போது நெடும்போர் நடந்துகொண்டிருந்தது. டச்சுக்காரர்களுக்குக் கப்பல் நிறுத்த ஓர் இடம் வேண்டும், மீன் பதப்படுத்த உப்பும் வேண்டும். செயின்ட் ஆனா விரிகுடா என்ற குறுகலான வாய்க்காலின் வழியே நுழைந்தால் உள்ளே ஸ்கோட்டெகாட் என்ற பெரிய நீர்ப்பரப்பு விரிகிறது. எந்தப் புயலும் தொடாத ஆழத் துறைமுகம். வாயிலில் அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். கோட்டையை ஒட்டி வளர்ந்த ஊர்தான் வில்லெம்ஸ்டாடு.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைப் பார்த்த தமிழருக்கு இந்தக் கதை முழுக்க அயலானதல்ல. 1602-இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியும் 1621-இல் தொடங்கிய மேற்கிந்தியக் கம்பெனியும் ஒரே நாட்டின் இரண்டு கைகள். ஒரு கை பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பித் துணி வாங்கியது. பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு அனுப்பவும் செய்தது. மற்றொரு கை ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கொண்டுவந்து குராசோவில் இறக்கியது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு அடிமைகளை வழங்கும் பெரிய சந்தையாக இந்தத் துறைமுகம் ஆனது. பல்லாயிரம் பேர் இங்கே கரையிறங்கி, உடம்பு தேறும்வரை வைத்திருக்கப்பட்டு, வேறு நாடுகளுக்கு விற்கப்பட்டார்கள்.

இன்று அதே வாய்க்காலின் இரு கரையிலும் மக்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கிழக்குக் கரை பூண்டா, மேற்குக் கரை ஒட்ரோபண்டா. இரண்டையும் இணைப்பது எம்மா அரசி பாலம். 1888-இல் லெனார்ட் பி. ஸ்மித் என்ற அமெரிக்கர் கட்டியது. தூண் எதுவும் இல்லாமல் மிதவைப் படகுகளின் மேல் கிடக்கிறது. இன்றைக்குப் பதினாறு படகுகள். ஒட்ரோபண்டா கரையில் ஒரு கீல், பூண்டா முனையில் ஒரு சிறு அறை, அதற்குள் டீசல் எஞ்சின். கப்பல் வரும் நேரத்தில் மணி அடிக்கிறது, வாயிற்கதவு சாத்தப்படுகிறது, எஞ்சின் உறுமத் தொடங்குகிறது. அவ்வளவு நீளப் பாலமும் கதவு திறப்பதைப் போலக் கரையோரமாக ஒதுங்குகிறது. மணி அடித்தபின் ஓடிக் கரை சேர முடியாதவர்கள் பாலத்தின் மேலேயே நின்றுகொண்டு பயணம் செய்யலாம். பலர் அதற்காகவே நிற்கிறார்கள். காலடியில் பலகைகள் ஏறி இறங்குவதும், பக்கத்தில் ஒரு சரக்குக் கப்பல் தெருவை அடைத்துக்கொண்டு நகர்வதும் ஒரே நேரத்தில் நடக்கும். பாலத்தில் ஏற்றும் கொடி ஆரஞ்சு நிறமென்றால் சற்று நேரம், நீலமென்றால் நீண்ட காத்திருப்பு. அவசரக்காரர்களுக்கு இலவசப் படகு இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தப் பாலத்தைக் கடக்கக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. செருப்புப் போட்டவருக்கு இரண்டு சென்ட், குதிரைக்குப் பத்து, வண்டிக்கு இருபத்தைந்து. வெறுங்காலோடு போனால் இலவசம். ஏழைக்குச் சலுகை என்று சொல்லித்தான் இதை ஏற்படுத்தினார்கள். ஆனால் அடிமை முறை ஒழிந்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. செருப்பில்லாத கால் என்றால் அது யாருடைய கால் என்று ஊருக்கே தெரியும். ஏழைகள் மானம் காக்கச் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு காசு கொடுத்து நடந்தார்கள், வசதியானவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நடந்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. எல்லா வழிகாட்டிகளும் இதை வேடிக்கைக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் இரவல் செருப்புதான் முக்கியமாகப் படுகிறது. சுங்கம் 1934-இல் போய்விட்டது. 1974-இல் வாய்க்காலுக்கு மேலே ஐம்பத்தாறு மீட்டர் உயரத்தில் யூலியானா அரசி பாலம் திறந்த பிறகு வண்டிகளும் அங்கே போய்விட்டன. கீழே இருக்கும் மிதவைப் பாலம் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆனது. மேலே விரையும் வண்டியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று: அந்த உயரப் பாலத்தைக் கட்டும்போது 1967-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்து பதினைந்து தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பூண்டாக் கரையில் நிற்கும் ஹாண்டல்ஸ்காடே வரிசை உலகெங்கும் நாட்காட்டிகளில் வரும் படம். ஆம்ஸ்டர்டாம் கால்வாயோரத்து முக்கோண முகப்பு வீடுகள். ஆனால் மஞ்சள், காவி, இளநீலம், பச்சை. 1817 வரை வீடுகள் வெள்ளையாக இருந்தன. ஆல்பர்ட் கிக்கர்ட் என்ற ஆளுநர், வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெயில் தலைவலி தருகிறது என்று சொல்லி, வேறு நிறம் பூசுமாறு ஆணையிட்டார். அவருக்குச் சாய வியாபாரத்தில் பங்கு இருந்ததாக ஒரு பேச்சு அன்றிலிருந்து இன்றுவரை உலவுகிறது. காரணம் எதுவானாலும், அந்த ஆணையின் பலனாகத்தான் 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்த நகரத்துக்கு இப்படி ஒரு முகம்.

அந்தச் சுவர்களை நெருங்கிப் பார்க்க வேண்டும். பழைய வீடுகள் பவளப்பாறைக் கல்லால் கட்டியவை. நல்ல தண்ணீர் அருமையான ஊரில் சுண்ணாம்புச் சாந்தைக் கடல்நீர் விட்டே குழைத்தார்கள். அன்று உள்ளே போன உப்பு இன்றும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. சாயத்துக்கு அடியில் முதலில் கொப்புளம், பிறகு வெண்மையான பொருக்கு, பிறகு பூச்சு பாளம் பாளமாக உதிர்கிறது. நாள் பட்ட நோயைப் போலத்தான் அதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது; ஒரு முறை பூசி முடித்தோம் என்று விட முடியாது. பீட்டர்மாய், ஸ்கார்லோ பகுதிகளில் முன்பு வணிகச் சீமான்கள் வாழ்ந்த மாளிகைகள் பல ஆண்டுகள் கூரை இல்லாமல் கிடந்தன. இப்போது ஒவ்வொன்றாகச் சீர்செய்து விடுதியாகவும் உணவகமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். அழகாகவே இருக்கிறது. வேலை தெரிந்தவர்கள் செய்த வேலை. ஆனால் அழகைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் குராசோவில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை.

மீதியைப் பார்க்க மேற்கு நோக்கிப் போக வேண்டும். தீவின் மேற்குக் கோடியில் கெனெபா கடற்கரை. டச்சு வழக்கில் க்னிப். கண்ணாடிபோல் நீலத் தண்ணீர், கட்டணமில்லாத பொதுக் கடற்கரை, விடுமுறை நாளில் உள்ளூர்க் குடும்பங்கள் சமைத்த சோற்றுப் பாத்திரங்களோடு வந்து இறங்குமிடம். அதன் மேட்டில் ஒரு பண்ணை வீடு இருக்கிறது. கீழே குளிக்க வருகிறவர்களில் மிகச் சிலரே மேலே ஏறுகிறார்கள்.

1795 ஆகஸ்ட் 17 காலையில் அந்தப் பண்ணையின் அடிமைகள் நாற்பது ஐம்பது பேர் முற்றத்தில் கூடி, இனி வேலை செய்யமாட்டோம் என்று முதலாளியிடம் சொன்னார்கள். தலைமை தாங்கியவர் துலா. முதலாளி, குறை இருந்தால் கோட்டைக்குப் போய் ஆளுநரிடம் சொல்லுங்கள் என்றார். அவர்கள் கிளம்பினார்கள். வழியில் ஒவ்வொரு பண்ணையிலும் ஆட்கள் சேர, கூட்டம் ஆயிரத்தைத் தாண்டியது. அந்த ஆண்டுதான் பிரெஞ்சுப் படை ஹாலந்தைப் பிடித்திருந்தது. பிரான்ஸ் முந்தைய ஆண்டே தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்திருந்தது. ஹாலந்து பிரான்சின் கைக்குப் போய்விட்டதென்றால் அந்த விடுதலை எங்களுக்கும் உரியதுதானே என்பது துலாவின் வாதம். சமாதானம் பேச அனுப்பப்பட்ட ஸ்கிங்க் என்ற பாதிரியார் துலாவின் பேச்சைக் குறித்து வைத்தார். அடிமையாக்கப்பட்ட ஒரு மனிதர் சட்டத்தையும் உலக அரசியலையும் வேதத்தையும் வைத்து வாதாடியிருக்கிறார். யாரையும் கொல்வது எங்கள் நோக்கமல்ல, எங்களுக்கு வேண்டியது விடுதலை மட்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் தண்டனைப் பதிவில் மட்டுமே அவர் எஞ்சியிருப்பார்.

கிளர்ச்சி ஒரு மாதம் நின்றது. துலா காட்டிக்கொடுக்கப்பட்டார். அக்டோபர் 3 அன்று வில்லெம்ஸ்டாடை ஒட்டிய ரிஃப் கடலோரத்தில் எலும்புகளை நொறுக்கி, முகத்தைத் தீயால் சுட்டு, தலையை வெட்டிக் கொன்றார்கள். அடிமை முறை ஒழிய இன்னும் 68 ஆண்டுகள் ஆயின. 1863 ஜூலை 1 அன்று அது ஒழிந்தபோது ஒவ்வோர் அடிமைக்கும் 200 கில்டர் இழப்பீடு தரப்பட்டது. அதை வாங்கியவர்கள் உடைமையாளர்கள். விடுதலையானவர்களுக்கு நிலமில்லை, பணமில்லை. பலர் பழைய பண்ணையிலேயே குடிசை போட்டுக்கொண்டு, அந்த மண்ணுக்கு வாடகையாக முதலாளிக்குக் கூலியின்றி வேலை செய்தார்கள்.

அந்தப் பண்ணை வீடு இன்று துலாவின் பெயரில் அருங்காட்சியகம். ஆகஸ்ட் 17 தீவின் விடுதலைப் போராட்ட நாள். கொல்லப்பட்ட இடத்தில் சங்கிலியை உடைக்கும் உருவங்களோடு ஒரு நினைவுச் சின்னம். 2010-இல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தார்கள். 2022 டிசம்பரில் அப்போதைய டச்சுப் பிரதமர் மார்க் ருத்தெ அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார்; 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாந்தர் கேட்டார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, கொல்லப்பட்டு 228 ஆண்டுகள் கழித்து, துலா குற்றவாளி அல்லர் என்று டச்சு அரசு முறைப்படி அறிவித்தது. குராசோவின் அன்றையும் இன்றையும் அளக்க எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் தர முடியுமென்றால், வீட்டுச் சாயத்தை விட்டுவிட்டு இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

இந்த மாற்றம் மேலிருந்து கருணையாக இறங்கியதல்ல. நடுவில் எண்ணெயின் காலம் இருக்கிறது. வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரியில் எண்ணெய் கிடைத்தது. ஏரி வாயில் ஆழமில்லாததால் பெரிய கப்பல் நுழைய முடியாது. சிறு கப்பல்களில் எண்ணெயை ஏற்றிவந்து சுத்திகரிக்கப் பக்கத்திலேயே ஆழத் துறைமுகமும் நிலையான ஆட்சியும் உள்ள இடம் குராசோ. ஷெல் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 1918-இல் ஸ்கோட்டெகாட் கரையில் ஓடத் தொடங்கியது. கரீபியன் முழுவதிலிருந்தும், மதேராவிலிருந்தும், சீனாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானங்களுக்கு இங்கிருந்து எரிபொருள் போனது. 1942-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கியபின், பாதுகாப்பு இல்லாமல் கடலுக்குப் போக மறுத்த சீன மாலுமிகளை அடைத்து வைத்தார்கள்; ஏப்ரல் 20 அன்று அவர்களில் பதினைந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போரின் வெற்றிக் கதைகளில் இந்தப் பதினைந்து பேருக்கு இடமிருப்பதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆலையில் பதினோராயிரம் பேர் வேலை பார்த்தார்கள். பிறகு இயந்திரங்கள் வந்தன, ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். 1966-இல் நாலாயிரம்தான் மிச்சம். ஒரே வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்குக் குறைந்த கூலி. 1969 மே 30 அன்று வேலைநிறுத்தக்காரர்கள் ஆலை வாயிலிலிருந்து கோட்டையை நோக்கி நடந்தார்கள். 1795-இல் துலாவின் ஆட்கள் நடக்க நினைத்ததும் இதே கோட்டைக்குத்தான். வழியில் தொழிற்சங்கத் தலைவர் வில்சன் கோடெட் போலீஸ் குண்டடிபட்டு விழ, கூட்டம் வெறிகொண்டது. பூண்டாவும் ஒட்ரோபண்டாவும் பற்றி எரிந்தன, இருவர் இறந்தார்கள், ஹாலந்திலிருந்து கடற்படை வீரர்கள் வந்திறங்கினார்கள். தீ அணைந்தபின் பழைய ஆட்சி நிற்கவில்லை. கோடெட் உயிர் பிழைத்துச் சட்டமன்றம் போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் எர்னெஸ்தோ பெத்ரோனியா, குராசோவும் அடங்கிய டச்சு ஆண்டில்ஸின் முதல் கறுப்பினப் பிரதமரானார்.

மொழியின் நிலையும் அதற்குப் பின்தான் மாறியது. போர்த்துகீசும் ஸ்பானியமும் டச்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து, அடிமைக் குடிசைகளிலும் துறைமுகத்திலும் வளர்ந்த பாப்பியாமெந்து, தீவில் எல்லோரும் பேசுகிற மொழி. ஆனால் பள்ளிக்கூட வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு டச்சில்தான் படிக்க வேண்டியிருந்தது. பனியைப் பார்த்தே இராத பிள்ளைகள் ஹாலந்துப் பாடநூல்களில் பருவங்களைப் படித்தார்கள். எழுத்தாளர் ஃபிராங்க் மார்ட்டினஸ் அரியோன் 1987-இல் பாப்பியாமெந்து வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கக் கைகொடுத்தார். அது அப்போது பலரால் எதிர்க்கப்பட்ட காரியம். தாய்மொழியில் படித்தால் மேல்படிப்புக்கு என்ன செய்வார்கள் என்ற கேள்வி நமக்கும் பழக்கமானதுதான். 2007-இல் பாப்பியாமெந்து ஆட்சி மொழிகளில் ஒன்றானது. இன்று சட்டமன்றத்திலும் வானொலியிலும் அதைத்தான் கேட்கிறோம்.

2010 அக்டோபர் 10 அன்று டச்சு ஆண்டில்ஸ் கலைந்து, குராசோ டச்சு முடியரசுக்குள் தனி நாடாகியது. பாதுகாப்பும் வெளியுறவும் இன்னும் ஹேக் நகரின் கையில். படிக்கப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஹாலந்துக்குப் போகிறார்கள், பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அப்படிப் போனவர்களின் பிள்ளைகள் நிறைந்த கால்பந்து அணிதான் 2025 நவம்பரில் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது; அந்த இடத்தை எட்டிய நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது இது.

துறைமுகத்தின் இன்றைய சரக்கு பயணிகள். 2024-இல் தங்கிப் போனவர்கள் மட்டும் ஏழு லட்சம், ஊர் மக்களைப் போல நாலு மடங்குக்கும் மேல். பெரிய உல்லாசக் கப்பல்கள் வாய்க்காலுக்குள் வராமல் வெளியே தனித் துறையில் நிற்கின்றன. அதை ஒட்டிய பழைய ரிஃப் கோட்டைக்குள் கடைகளும் உணவகங்களும். இந்த வரவு வேலை தருகிறது, இடிந்த வீடுகளை எழுப்பியிருக்கிறது. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் குடிக்கும் சொட்டுத் தண்ணீர்வரை கடல்நீரைக் காய்ச்சியோ வடித்தோ எடுக்கும் தீவில் ஒவ்வொரு நீச்சல் குளத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. ஊர்க்காரர் வாடகை கட்ட முடியாமல் நகரின் நடுவிலிருந்து நகர்கிறார். வெனிசுவேலாவிலிருந்து பழமும் மீனும் ஏற்றிவந்து கரையோரம் விற்ற படகுச் சந்தை, 2019-இல் அந்நாடு எல்லையை மூடியதோடு வெறிச்சோடியது; 65 கிலோமீட்டர் தூரத்தில் விளைந்த வாழைப்பழத்தை விட்டுவிட்டுத் தொலைதூரத்திலிருந்து வந்த பழத்தைத் தின்ன வேண்டிய நிலை வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிளாசா பியூ என்ற பழைய சந்தைக் கொட்டகைக்குப் போகலாம். பெரிய பெரிய சட்டிகளில் ஆட்டுக்கறிக் குழம்பு, சோள மாவில் கிண்டிய ஃபுஞ்சி. களி தின்று வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். நீள மேசையில் அலுவலகக்காரரும் கப்பலில் வந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அங்கிருந்து யூலியானா பாலத்தின் மேல் ஏறினால் நகரத்தின் பின்பக்கம் தெரிகிறது: ஸ்கோட்டெகாட் கரை முழுவதும் துருவேறிய கோபுரங்களும் குழாய்களும் தொட்டிகளும். ஷெல் 1985-இல் ஆலையை ஒரு கில்டர் விலைக்கு அரசிடம் கொடுத்துவிட்டு, மாசுக்கான பொறுப்பையும் அதோடு கழற்றிவிட்டுப் போனது. போர்க்காலத்தில் கொட்டிய கழிவால் உண்டான தார் ஏரி ஒன்று ஆலையோரம் கிடக்கிறது. பிறகு வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவனம் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. 2019 இறுதியில் அந்தக் குத்தகையும் முடிந்தது. காற்று எப்போதும் கிழக்கிலிருந்து அடிப்பதால் ஆலைப் புகை பல பத்தாண்டுகள் மார்செனா, விஷி குடியிருப்புகளின் மேல்தான் படிந்தது. பணக்காரப் பகுதிகளுக்கு அது போனதில்லை. இப்போது அந்தக் குடியிருப்புகளில் சன்னலைத் திறந்து வைக்கிறார்கள். அதே வீடுகளில் ஆலை வேலையை இழந்தவர்களும் இருக்கிறார்கள். மறுபடி எண்ணெயா, கப்பல் பழுதுபார்க்கும் தளமா, வேறு ஆற்றலா என்று அந்த நிலத்தைப் பற்றிய பேச்சு ஒவ்வோர் அரசிலும் எழுகிறது. யார் ஆலையை எடுத்து நடத்த வந்தாலும் முதலில் மார்செனாவிலும் விஷியிலும் ஒரு கூட்டம் போட்டு, அங்கே குடியிருப்பவர்களின் வாயால் பதில் கேட்க வேண்டும். இந்த முறை கோட்டையை நோக்கி அவர்களை நடக்க வைக்கக் கூடாது.